கூர்மையாக இருந்தால் அம்பு முனையா? – வாசகர் கேள்வி பதில்

கற்கால மனிதர்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேட்டை ஆயுதங்களைப் பற்றியே கேட்டன, அதனால் இந்த இதழ் முழுவதும் அதுதான்.

கேள்வி: எங்கள் மானாவாரிக் காட்டில் கோடை உழவு ஓட்டும்போது முக்கோணமாக ஒரு வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்) கிடைத்தது. நுனி கையைக் குத்துகிறது. நீளம் 5 செ.மீ., அகலம் 3 செ.மீ., தடிமன் 12 மி.மீ. போட்டோ அனுப்பியிருக்கிறேன். இது கற்கால அம்பு முனைதானே சார்?
– விவசாயி, பேரையூர் வட்டம்

போட்டோவைப் பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தேன். கல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் முக்கோணமாக இருக்கிறது, கூர்மையாக இருக்கிறது, ஆகவே அம்பு முனை என்று எழுதித் தர எனக்கு மனம் வரவில்லை. கூர்மையான கல்லால் தோலில் துளை போடலாம், இறைச்சி அறுக்கலாம், மூங்கில் சீவலாம், கிழங்கு தோண்டும் குச்சியைக் கூராக்கலாம். வேட்டைக்குப் போன கல் எது, வீட்டு வேலைக்கு இருந்த கல் எது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் வடிவம் சொல்லிவிடாது.

முதலில், மனிதன் உடைத்ததா என்று பார்க்க வேண்டும். ஒரு கல்லை இன்னொரு கல்லால் குறி வைத்துத் தட்டிச் சில்லு பெயர்த்தால், அடி விழுந்த இடத்துக்குக் கீழே சில்லின் உட்பக்கம் லேசாகப் புடைத்திருக்கும், வெளிப்பக்கத்தில் அதற்கு முன் பெயர்த்த சில்லுகளின் தழும்புகள் இருக்கும். வெங்கச்சங்கல்லில் இதெல்லாம் தெளிவாகத் தெரியாது, ஏனென்றால் அது நாம் நினைத்தபடி உடையாது, உள்ளே விரிசல் இருக்கிற பக்கமெல்லாம் பிளக்கும். டிராக்டர் கொழு பட்டாலும் முக்கோணமாகத் தெறிக்கும். உங்கள் கல்லில் மற்ற இடமெல்லாம் மண் ஏறி மங்கிக் கிடக்க, இடது ஓரம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக இருக்கிறது. அந்த ஓரம் புதிதாக உடைந்தது, அநேகமாக இந்தக் கோடை உழவில்தான்.

சரி, மனிதன் செய்ததே என்று வைத்துக்கொள்வோம். அடுத்தது அளவு. அகலத்தையும் தடிமனையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் முனையின் குறுக்குவெட்டுப் பரப்பு தோராயமாகக் கிடைக்கும். ஜான் ஷே என்ற அமெரிக்க ஆய்வாளர் 2006-ல் இந்தக் கணக்கைப் பழைய கற்கால முனைகளுக்குப் போட்டுப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க அவர் வைத்திருந்தவை வட அமெரிக்கப் பழங்குடிகளின் ஆயுத முனைகள்: அம்பு முனைக்குச் சராசரி 33 சதுர மி.மீ., எறிகோலால் வீசும் சிறு ஈட்டிக்கு 58. பரிசோதனைக்கென்று செய்த குத்தீட்டி முனைகளுக்கோ 168. உங்கள் கல்லுக்குக் கணக்குப் போட்டால் 180 வருகிறது. அம்புக்கு அது மிகப் பெரிது, ஒல்லியான அம்புத் தண்டு அந்தக் கனத்தைத் தாங்காது. குத்தீட்டியாக இருந்திருக்கலாமே என்றால், இருந்திருக்கலாம்தான். ஆனால் இந்த எண் அந்தக் கல்லால் என்ன முடியும் என்பதைத்தான் சொல்கிறது, அது என்ன செய்தது என்பதைச் சொல்லாது. இறைச்சி அறுத்த கத்திக்கும் 180 வரும்.

என்ன செய்தது என்று தெரிய வேண்டுமென்றால் அது உடைந்த விதத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1984-ல் டென்மார்க்கில் ஆண்டர்ஸ் பிஷரும் அவருடன் இருந்தவர்களும் சிக்கிமுக்கிக் கல்லில் புதிதாக முனைகள் செய்து, அம்பிலும் ஈட்டியிலும் மாட்டி எய்து பார்த்து, அவை எப்படி உடைகின்றன என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைத்தார்கள். வேகமாகப் போய் எலும்பில் மோதும் முனை, நுனியில் அடி வாங்கி வளைய முடியாமல் வளைந்து ஒடிகிறது. பச்சைக் குச்சியை வளைத்து ஒடித்தால் ஒரு பக்கம் சிராய் நீளமாக உரிந்து, கடைசியில் படி வைத்த மாதிரி சட்டென்று நிற்கும் இல்லையா, அந்த மாதிரி நுனியிலிருந்து அடிப்பக்கம் நோக்கி ஒரு சீவல் பெயர்ந்து, ஒரு படியில் முடியும். சில சமயம் உடைந்த விளிம்பிலிருந்து இன்னொரு சிறு சில்லு தனியாகத் தெறிக்கும், அது இரண்டு முகத்திலும் தெறித்திருந்தாலோ 6 மி.மீ.க்கு மேல் நீண்டிருந்தாலோ மோதலில் உடைந்தது என்பதற்கு நல்ல அடையாளம் என்றார்கள்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஜஸ்டின் பார்ஜிட்டர் கற்சில்லுகளைத் தரையில் பரப்பி மாடுகளையும் மனிதர்களையும் மிதிக்க வைத்துப் பார்த்தார், 2011-ல் முடிவை வெளியிட்டார். வெறும் மிதி பட்ட சில்லுகளிலும் கொஞ்சம் இதே மாதிரி உடைந்திருந்தன. ஆகவே ஒற்றைக் கல்லை வைத்துக்கொண்டு யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரே இடத்தில் கிடைத்த நூற்றுக்கணக்கான முனைகளில் எத்தனை இப்படி உடைந்திருக்கின்றன, உடைசல் நுனியிலேயே அதிகமாக இருக்கிறதா, அடிப்பக்கம் கம்பில் மாட்டிய தேய்மானம் இருக்கிறதா, நுண்ணோக்கியில் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கீறல்கள் ஓடுகின்றனவா, இரத்தமோ பிசினோ ஒட்டியிருக்கிறதா, இவை எல்லாம் ஒரே திசையைக் காட்டினால்தான் ஆயுதம் என்று சொல்லலாம்.

அதனால்தான் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கல்லைக் கழுவாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள், சாமி மாடத்திலோ ஷோகேஸிலோ வைக்காதீர்கள். ஒட்டியிருக்கும் மண்ணோடு ஒரு காகித உறையில் போட்டு, காட்டில் எந்த மூலையில், எவ்வளவு ஆழத்தில் எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். இனிமேல் இன்னொன்று கண்ணில் பட்டால் எடுக்காமல், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, மதுரை காந்தி மியூசியம் வளாகத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்திலோ மாநிலத் தொல்லியல் துறையிலோ போய்ச் சொல்லுங்கள். கிடந்த இடம் தெரியாத கல்லால் ஆய்வாளருக்குப் பாதிப் பயன்கூடக் கிடையாது.

கேள்வி: உலகத்திலேயே பழைய ஈட்டி எது? முதலில் வந்தது கல் முனையா, வெறும் மரமா?
– சிம்மக்கல் வாசகர்

கைக்குக் கிடைத்ததில் மரம்தான் மூத்தது. இங்கிலாந்தில் கிளாக்டன் என்ற கடற்கரை ஊரில் 1911-ல் யூ மரத்தில் கூராக்கிய ஒரு நுனி கிடைத்தது, ஒரு முழத்துக்கும் குறைவான துண்டு, வயது சுமார் 4 லட்சம் ஆண்டு. ஜெர்மனியில் ஷோனிங்கன் நிலக்கரிச் சுரங்கத்தில் 1990-களில் ஹார்ட்முட் டீமே குழுவினர் எடுத்தவை முழு ஈட்டிகள், பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் மரம், சுமார் 2 மீட்டர் நீளம், கூடவே நிறையக் குதிரை எலும்புகள். அவற்றுக்கு 3 லட்சம் ஆண்டு என்று வெகுகாலம் சொன்னார்கள், 2025-ல் வந்த ஒரு ஆய்வு 2 லட்சம் என்று இறக்கியிருக்கிறது. அந்த ஈட்டிகளில் கல்லே கிடையாது, மரத்தின் நுனிதான் முனை. இங்கிலாந்தில் அனமீக்கே மில்க்ஸ் அவற்றின் நகல்களைப் பயிற்சி பெற்ற ஈட்டி எறியும் வீரர்களிடம் கொடுத்துப் பார்த்தார், 20 மீட்டர் தூரத்திலும் இலக்கில் பட்டது.

கல் முனை எப்போது என்பதில்தான் சண்டை. தென்னாப்பிரிக்காவில் காத்து பான் என்ற இடத்தில் கிடைத்த, சுமார் 5 லட்சம் ஆண்டுப் பழமையான கல் முனைகளை ஜேன் வில்கின்ஸ் குழுவினர் 2012-ல் ஈட்டி முனைகள் என்றார்கள். அதே வடிவில் புது முனைகள் செய்து, குறுக்கு வில்லில் வைத்து ஒரு மான் உடலில் எய்து, விளிம்புகளில் ஏற்பட்ட சேதத்தைப் பழைய கற்களோடு ஒப்பிட்டுத்தான் அப்படிச் சொன்னார்கள். இரண்டு ஆண்டு கழித்து வீர்லே ரோட்ஸும் ஹியூக் பிளிசோனும், அந்தச் சேதம் மண்ணில் உருண்டு புரண்டதாலும் வரலாம், இது சான்று ஆகாது என்று மறுத்தார்கள். வில்கின்ஸ் தரப்பு பதில் எழுதியது. நான் இரண்டையும் படித்துவிட்டு மறுத்தவர்கள் பக்கம்தான் சாய்கிறேன். 5 லட்சம் ஆண்டு என்பது மிகப் பெரிய கூற்று, விளிம்புச் சேதம் ஒன்றை மட்டும் வைத்து அதை நிறுத்த முடியாது.

எத்தியோப்பியாவில் கடமோட்டாவில் கிடைத்த எரிமலைக் கண்ணாடி முனைகள் 2,79,000 ஆண்டுக்கும் மேல் பழமையானவை. கண்ணாடியில் உடைவின் வேகத்தைக் காட்டும் மெல்லிய கோடுகள் பதியும், அந்தக் கோடுகளை அளந்துதான் இவை கையால் குத்தியவை அல்ல, வீசி எறிந்தவை என்று 2013-ல் வாதிட்டார்கள். இதற்கும் எதிர்ப்பு உண்டு.

யாரும் மறுக்க முடியாத சான்று வேண்டுமென்றால் சிரியாவுக்குப் போக வேண்டும். உம் எல் தலேல் என்ற இடத்தில் ஒரு காட்டுக் கழுதையின் கழுத்தெலும்புக்குள் கல் முனையின் துண்டு ஒன்று ஒடிந்து சிக்கியபடியே இருந்தது. 50,000 ஆண்டுக்கும் மேல் பழையது. எலும்புக்குள் கல் நிற்கும்போது வேறு விளக்கம் தேவையில்லை.

கேள்வி: எங்கள் சீமையின் ஆயுதம் வளரி. கற்காலத்தில் வளரி மாதிரி ஏதாவது இருந்ததா?
– சிவகங்கை வாசகர்

இருந்தது. மேலே சொன்ன அதே ஷோனிங்கனில் வீசு தடிகள் கிடைத்திருக்கின்றன. 2016-ல் எடுத்த ஒன்று 64 செ.மீ. நீளம், கால் கிலோவுக்குச் சற்று அதிகம், இரண்டு முனையும் கூர். பறவையையும் முயலையும் அடிக்க உதவியிருக்கும் என்கிறார்கள். ஆனால் அது வளரி அளவுக்கு வளைந்தது அல்ல, கிட்டத்தட்ட நேரான தடி. அதற்கும் மருது சகோதரர்கள் கையில் இருந்த வளரிக்கும் நேரடி உறவு என்று தயவுசெய்து யாரும் வாட்ஸ்அப்பில் பரப்ப வேண்டாம். வீசினால் சுழன்று போய் அடிக்கும் மரத்துண்டை ஆஸ்திரேலியா, எகிப்து என்று பல இடங்களில் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நம் ஊர் வெயிலிலும் மழையிலும் கரையானிலும் மரம் சில பத்து ஆண்டு தாங்குவதே பெரிது. ஷோனிங்கன் மரம் நீர் தேங்கிய சேற்றுக்குள் காற்றுப் படாமல் கிடந்ததால் தப்பியது. நம் பக்கம் ஆயிரம் ஆயிரம் மர ஈட்டிகள் இருந்து ஒன்றுகூட மிஞ்சாமல் போயிருக்கலாம். கல் மட்டும் மிஞ்சுவதால் கல்லையே கட்டிக்கொண்டு அழுகிறோம்.

கேள்வி: அரிவாளுக்குக் காம்பு போடவே நாங்கள் படாத பாடு படுகிறோம். கல்லைக் கம்பில் எப்படி நிறுத்தினார்கள்? கயிறு மட்டும் போதுமா?
– தச்சு வேலை செய்பவர், அவனியாபுரம்

கயிறு மட்டும் போதாது, பிசினும் வேண்டும். தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் 60,000, 70,000 ஆண்டுக்கு முந்தைய சிறு கற்களின் மழுங்கிய ஓரத்தில் மட்டும் காவியும் செடிப் பிசினும் ஒட்டியிருந்தன. வெட்டும் ஓரத்தில் அது இல்லை. அதாவது மழுங்கிய ஓரம்தான் கம்புக்குள் போன பக்கம். லின் வாட்லி என்ற ஆய்வாளர் அதைத் தானே செய்து பார்த்தார். வெறும் வேலம்பிசின் காய்ந்தால் நொறுங்கும், ஈரம் பட்டால் இளகும். காவிப் பொடி கலந்து, தீயிலிருந்து சரியான தூரத்தில் வைத்துப் பதமாகச் சூடு காட்டினால் கெட்டிப்படும். சூடு கூடினால் கொப்புளம் விட்டு வீணாகும், குறைந்தால் ஒட்டாது. அந்தப் பிசின் நம் கருவேலம்பிசினுக்குச் சொந்தக்காரன்தான், நீங்களே பட்டறையில் முயன்று பார்க்கலாம், செங்காவிதான் கடையில் கிடைக்கிறதே.

ஐரோப்பாவில் நியாண்டர்தால் மனிதர்கள் இதற்கும் முன்பே பிர்ச் மரப்பட்டையைச் சுட்டுத் தார் எடுத்திருக்கிறார்கள், இத்தாலியில் காம்பிடெல்லோவில் அந்தத் தார் ஒட்டிய கல் கிடைத்தது, சுமார் 2 லட்சம் ஆண்டு. இந்தப் பதம் தெரிந்தவர்களைக் காட்டுமிராண்டி என்று எழுதும் பாடப்புத்தக வரிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

கேள்வி: தமிழ்நாட்டில் வில் அம்பு எவ்வளவு பழமையானது? கீழடியில் ஆதாரம் இருக்கிறதா?
– திருப்புவனம் வாசகர்

கீழடி இந்தக் கேள்விக்கு உதவாது. அது சுமார் 2,600 ஆண்டுக்கு முந்தைய ஊர், இரும்பு வந்து, எழுத்து வந்து, செங்கல் சுவர் எழும்பிய காலம். நீங்கள் கேட்பது அதற்குப் பல்லாயிரம் ஆண்டு முன்னால்.

1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கல்லில் செய்த கைக்கோடரியைக் கண்டெடுத்ததிலிருந்து நம் கற்கால ஆய்வு தொடங்குகிறது. சென்னைக்கு வடமேற்கே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் நடத்திய அகழாய்வில் அந்தக் கைக்கோடரிகளுக்கு 15 லட்சம் ஆண்டு என்று தெரிந்தது. பிறகு சுமார் 3,85,000 ஆண்டு வாக்கில் அங்கே கைக்கோடரி குறைந்து, முன்கூட்டியே திட்டமிட்டுப் பெயர்த்த சிறு சில்லுகளும் முனைகளும் வருகின்றன. உலகின் மற்ற இடங்களில் ஈட்டி முனை என்று பேசப்படும் அதே வகைக் கற்கள் அவை. ஆனால் அத்திரம்பாக்கத்தில் எலும்புகள் நிற்கவில்லை, சில விலங்குப் பற்கள்தான் மிஞ்சின. கல் குத்திய எலும்பு இல்லாமல் வேட்டை என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

அம்புக்கு நமக்கு மிக அருகில் இருக்கும் நல்ல சான்று இலங்கையில். ஃபா ஹியன் குகையில் சுமார் 48,000 ஆண்டுக்கு முந்தைய எலும்பு முனைகள் கிடைத்தன, மோதி உடைந்த தழும்போடு. அங்கே சாப்பிட்டுப் போட்ட எலும்புகளில் குரங்கும் அணிலும் நிறைய. மழைக்காட்டில் மரத்து உச்சியில் தாவும் குரங்கை ஈட்டியால் குத்திப் பிடிக்க முடியாது, அதனால் வில் அம்பு என்று 2020-ல் எழுதினார்கள். பனிக்காலங்களில் கடல் இறங்கி ராமேஸ்வரத்துக்கும் மன்னாருக்கும் நடுவே தரை இருந்தது. அந்தப் பக்கம் இருந்தது இந்தப் பக்கமும் இருந்திருக்கும் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே.

தென் தமிழ்நாட்டில் என்றால் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துச் செம்மணல் தேரிகள். சாயர்புரம், குட்டம்புளி, மெஞ்ஞானபுரம் தேரிகளில் விரல் நகத்தளவு பிறைக் கற்களும் சிறு முனைகளும் கிடைத்தன. சாய்னரும் ஆல்சினும் 1956-ல் அவற்றைப் பற்றி விரிவாக எழுதினார்கள். பிறைக் கல்லை அம்பின் நுனியிலும் பக்கத்திலும் பதிக்கலாம், அறுவடை அரிவாளிலும் பதிக்கலாம். எது எது என்று பிரிக்க, நான் பேரையூர்க்காரருக்குச் சொன்ன எல்லாச் சோதனையும் வேண்டும். அதற்குள் அந்தத் தேரி மணலை லாரி லாரியாக அள்ளிவிடுகிறோம் என்பதுதான் என் கவலை.

கேள்வி: கருங்காலக்குடி, கிடாரிப்பட்டிப் பாறை ஓவியங்களைப் பார்த்திருக்கிறேன். வேட்டைக்கு ஓவியத்தைவிடப் பெரிய சான்று வேண்டுமா?
– மேலூர் வாசகி

ஓவியம் மனிதன் எதை முக்கியமாக நினைத்தான் என்று சொல்லும், அதற்காகவே அவற்றைச் சுரண்டிப் பேர் எழுதுபவர்களைத் தடுக்க வேண்டும். ஆனால் வெயிலும் மழையும் படும் பாறையில் வரைந்தது லட்சம் ஆண்டு நிற்காது, நாம் பேசும் காலத்தோடு ஒப்பிட்டால் நம் பாறை ஓவியங்கள் மிக இளையவை.

கேள்வி: வேட்டை ஆண்களின் வேலை, சேகரிப்பது பெண்களின் வேலை என்று பாடத்தில் இருக்கிறது. கல்லை வைத்து இதைச் சொல்ல முடியுமா? இன்னொன்று, இந்த ஆய்வை நானே சிறிதாகச் செய்து பார்க்க வழி உண்டா?
– பதினோராம் வகுப்பு மாணவி, உசிலம்பட்டி

கல்லில் ஆண் பெண் எழுதியிருக்காது. எய்தவர் யார் என்று கல் சொல்லாது, கல்லோடு புதைத்த உடல் இருந்தால் கொஞ்சம் தெரியும். பெரு நாட்டில் விலமயா பட்ஹா என்ற மலை இடத்தில் சுமார் 9,000 ஆண்டுக்கு முந்தைய ஒரு புதைகுழியில் ஈட்டி முனைகளும் தோல் பதப்படுத்தும் கற்களும் ஒரே குவியலாக இருந்தன, ஒரு வேட்டைக்காரரின் முழுப் பை. எல்லாரும் பெரிய தலைவன் என்று நினைத்தார்கள். பல் எனாமலில் உள்ள புரதத்தைச் சோதித்தபோது 17 முதல் 19 வயதுப் பெண் என்று தெரிந்தது. ரேண்டால் ஹாஸ் குழு 2020-ல் வெளியிட்டது. ஒரு குழியை வைத்து எல்லாப் பெண்களும் வேட்டையாடினார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பாடத்தில் இருக்கும் அந்த வரியை அவ்வளவு உறுதியாக எழுதியது தவறு.

இரண்டாவது கேள்விக்கு, தாராளமாகச் செய்யலாம். கல் உடைக்கிற இடத்தில் வெங்கச்சங்கல் துண்டுகள் சும்மாவே கிடைக்கும். தோட்டத்திலிருந்தும் மலையடிவாரத்திலிருந்தும் பொறுக்காதே அம்மா, அங்கே உண்மையான பழைய கல் இருக்கலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு, கையுறை மாட்டி, பெரியவர் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு, உருண்டைக் கல்லால் தட்டி ஐம்பது மெல்லிய சில்லு எடு. ஒவ்வொன்றையும் பேனாவால் எண் போட்டு, இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வை. வீட்டு முற்றத்தில் ஒரு சதுர மீட்டர் அளவுக்கு மணல் பரப்பி, பாதிச் சில்லுகளை மேலாகவும் பாதியை விரற்கடை ஆழத்திலும் வைத்து, வீட்டில் எல்லாரையும் கனமான செருப்போடு தினமும் அதன் மேல் நடக்கச் சொல். மாட்டை மிதிக்க விடாதே, குளம்பு கிழியும். ஒரு மாதம் கழித்துச் சலித்து எடுத்து, உடைந்தவற்றைப் பழைய போட்டோவோடு ஒப்பிடு. நுனி உடைந்து படி வைத்து முடிந்தவை எத்தனை என்று எண்ணு. வெங்கச்சங்கல்லில் அது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் காட்டிப் பூதக்கண்ணாடியால் பார். எண்ணிக்கையை எனக்கு எழுதி அனுப்பு, இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறேன்.